வலிக்காத வீக்கம்

எலும்பு முறிந்தவர் காலை ஊன்ற மாட்டார். இதைத் தெரிந்துகொள்ள யாரும் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டுப்போன பாதத்தில் எலும்பு முறியும், மூட்டு விலகும், உள்ளங்கால் வளைவு சரிந்து தரையோடு படியும். அந்த ஆள் அதே காலோடு பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போய் வருவார். வெளியே தெரிவது வீக்கம் மட்டும்தான். மருத்துவர்கள் இதை ‘சார்காட் ஃபுட்’ என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோவின் பெயர் அது. இந்தக் கட்டுரையில் ஷார்கோ பாதம் என்றே சொல்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. பாத நோய்க்கென்றே நடக்கும் சிறப்புப் பிரிவுகளில் எண்ணினால் நூற்றுக்குப் பதின்மூன்று வரைகூடப் போயிருக்கிறது. முதல் கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை. பலருக்கு இந்த நோய் வேறு பெயரில் பதிவாகி, வேறு மருந்து வாங்கி, வளைந்த பாதத்தோடு ஓய்ந்துவிடுகிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நம் ஊரில் அது சிறிதாகாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன் ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வளர்ந்தோரில் தேசியச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் மத்தூரை வைத்து இதைப் பார்க்கலாம். மாந்தோப்பும் தென்னையும் கேழ்வரகுக் கொல்லையுமாக இருக்கும் ஒன்றியம். ஒரு பக்கம் போச்சம்பள்ளி சிப்காட், இன்னொரு பக்கம் பர்கூர் சிப்காட், தள்ளிப் போனால் கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூர். ஸ்கூட்டர், காலணி, கிரானைட், மாம்பழக்கூழ் என்று இந்த வட்டாரத்தில் கிடைக்கிற வேலைகளில் பெரும்பாலானவை நின்றுகொண்டு செய்பவை. இரும்பு முனை வைத்த ஷூ எட்டு மணி நேரம் காலில் இருக்கும். அதற்குள் என்ன நடக்கிறது என்று உணரும் நரம்பு இருப்பவருக்கு அது பாதுகாப்பு. உணராதவருக்கு, நடப்பதை மறைக்கும் பெட்டி.

பாதம் வீங்கியதும் முதலில் வருவது ‘சுளுக்கு’ என்ற முடிவு. எண்ணெய் போட்டு வழித்துவிடுவார்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும் காலை அழுத்தி நீவினால் நொறுங்கல் கூடும். வலிக்காததால் நீவுபவரின் கைக்கும் தடை இருக்காது. சிலர் புத்தூர்க் கட்டுக்குப் போகிறார்கள். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. காலை அசையாமல் வைப்பது என்ற ஒரு சரியான காரியத்தையாவது அந்தக் கட்டு செய்கிறது. ஆனால் உணர்வில்லாத தோலில் மூங்கில் பத்தை இறுக்கினால், கட்டு அவிழும்போது அடியில் புண் காத்திருக்கும்.

படித்தவர்களிடம் போனாலும் தவறு நடக்கிறது. சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும் காலைப் பார்த்ததும் செல்லுலைட்டிஸ், அதாவது தோலடித் தொற்று, என்று எழுதி ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கிவிடுவார்கள். யூரிக் ஆசிட் என்பார்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் தொடக்கத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘எலும்புல ஒண்ணும் இல்ல, நடங்க’ என்று அனுப்பிவிட்டால் அடுத்த சில வாரங்களில் எலும்பில் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே எலும்பு, மூட்டு என்றாலே மக்கள் தண்ணீரைத்தான் சொல்வார்கள். காரணமில்லாமல் இல்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது. பல்லில் பழுப்புக் கறையும், முதுகும் மூட்டும் இறுகிப்போவதும் தலைமுறைகளாகப் பார்த்தவை. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் தொடங்கி 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. ஆனால் ஃபுளோரைடு எலும்பை அடர்த்தியாக்கும், வலி தரும், உடல் முழுக்கப் பரவும். ஷார்கோ பாதத்தில் எலும்பு கரைகிறது, வலி இல்லை அல்லது வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு சிறு வலி, பெரும்பாலும் ஒரே காலில். பழைய தண்ணீரின் மேல் பழி போட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பதற்கு இங்கே ஒருவருக்குக் கூடுதலாக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பிரித்தறிவதற்குப் பெரிய கருவி வேண்டாம். நோயாளியைப் படுக்க வைத்து, அந்தக் காலை ஐந்து முதல் பத்து நிமிடம் உயர்த்திப் பிடித்தால் ஷார்கோ பாதத்தின் சிவப்பு மங்கும். தொற்றின் சிவப்பு அப்படியே நிற்கும். காய்ச்சல் இருக்காது, வெள்ளணு எண்ணிக்கை பெரும்பாலும் ஏறியிருக்காது. தோலில் புண்ணே இல்லாத பாதத்துக்குள் தொற்று நுழைவது அரிது. நாடித்துடிப்பு நன்றாகத் துள்ளும். சர்க்கரை நோயில் கால் கெடுவது என்றாலே ரத்த ஓட்டம் குறைந்து கறுத்துப் போவது என்று பழகிய கண்ணை இந்த நல்ல துடிப்பு ஏமாற்றிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம் சூடு. மறு பாதத்தைவிட 2 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது ஷார்கோ பாதம் என்று வைத்துக்கொண்டு காலைத் தரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சந்தேகம் தீர எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. வரும்வரை நடக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

ஷார்கோ இதை 1868-இல் விவரித்தபோது சர்க்கரை நோயைப் பற்றிப் பேசவேயில்லை. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் பார்த்தது, சிபிலிஸ் கிருமி தண்டுவடத்தைத் தின்ற நோயாளிகளின் மூட்டுகளை. அவர்களுக்கு முழங்கால்தான் அதிகம் சிதைந்தது. சர்க்கரை நோயோடு இதைச் சேர்த்து எழுதியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஜோர்டன், ஆண்டு 1936. இடையில் இவ்வளவு காலம் ஏன் என்பதற்கு விடை 1921-22-இல் இருக்கிறது. இன்சுலின் வருவதற்கு முன் கடுமையான சர்க்கரை நோய்க்காரர்கள் நரம்பு கெடும் வரை உயிரோடு இருந்ததே குறைவு. பிழைத்து நெடுநாள் வாழ்பவர்களின் நோய் இது. மத்தூரில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இது தென்படுவதும் அதனால்தான். மாத்திரை அவர்களை வாழவைத்திருக்கிறது, நரம்பை முழுதாகக் காப்பாற்றவில்லை.

பெனிசிலினுக்குப் பிறகு சிபிலிஸ் மூட்டுகள் குறைந்தன. சர்க்கரை மூட்டுகள் பெருகுவதற்கு முன், உணர்வற்ற பாதத்தைப் பற்றிய பாடத்தை உலகம் தொழுநோயிடம் படித்தது. அந்தப் பாடத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது மத்தூரிலிருந்து காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில்.

பால் பிராண்டு கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது அவர் மனத்தில் விழுந்த கேள்வி, இந்த விரல்கள் ஏன் குறைகின்றன என்பது. நோய் சதையை அரித்துத் தின்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள், நோயாளிகள் உட்பட. பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொரு காயமாகப் பின்தொடர்ந்து பார்த்து வேறு முடிவுக்கு வந்தார்கள்: விரலைத் தின்பது கிருமி இல்லை. சுடுவதும் குத்துவதும் அழுத்துவதும் தெரியாமல் அன்றாடம் படும் காயங்களே தின்கின்றன. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷீஃப்ளின் தொழுநோய் ஆய்வு மையம் இந்த அறிவை நடைமுறையாக்கியது. இன்று சர்க்கரை நோயாளிக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் செருப்பு, அந்தத் தொழுநோய்ப் பாதங்களுக்காக வடிவெடுத்ததுதான். அதைப் போட்டால் ‘பெரு வியாதிக்காரன்’ என்று நினைப்பார்களே என்று கூசி, வாங்கியதை வீட்டில் மூலையில் வைத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஷார்கோ பாதத்துக்கு உலகெங்கும் முதல் சிகிச்சையாக இருப்பது, காலின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் ஒட்டி முழங்காலுக்குக் கீழ்வரை போடும் மாவுக்கட்டு. பாரம் உள்ளங்காலின் ஒரே இடத்தில் இறங்காமல் கட்டு முழுவதும் பரவிவிடும். இதன் தொடக்கமும் நம் பக்கத்தில்தான். 1930-களில் இலங்கையில் மில்ராய் பாலும், 1939-இல் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நோயாளியைப் படுக்கவைக்காமலேயே ஆற்றியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1966-இல் பிராண்டு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையையும் கொண்டுபோனார். அங்கே அது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு மாறியது. பிறகு அமெரிக்கப் பாடநூல் வழியாக நமக்கே திரும்பி வந்தது.

அதே 1966-இல் சிட்னி ஐக்கன்ஹோல்ட்ஸ் எக்ஸ்ரேக்களை வைத்து இந்த நோயை மூன்று கட்டமாகப் பிரித்தார்: எலும்பு சிதறும் கட்டம், சிதறியவை ஒட்டத் தொடங்கும் கட்டம், கோணலாகவோ நேராகவோ இறுகிப்போகும் கட்டம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் சூடும் வீக்கமும் மட்டும் இருக்கும் காலத்துக்கு அதில் இடமில்லை. அதைப் பூஜ்யக் கட்டம் என்று 1990-இல் சேர்த்தவர்கள் ஜப்பானின் ஷிபாட்டா குழுவினர். அவர்கள் எழுதியதும் தொழுநோயாளிகளின் கணுக்காலைப் பற்றித்தான். காலைக் காப்பாற்ற முடிகிற நேரம் பெரும்பாலும் இந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது.

ஏன் எலும்பு நொறுங்குகிறது என்பதில் ஒன்றரை நூற்றாண்டாக இரு கட்சிகள். ஷார்கோவின் பக்கத்தினர் நரம்பு கெட்டால் எலும்புக்கான ஊட்டமும் ரத்த ஓட்டமும் தடம் மாறுகிறது என்றார்கள். ஜெர்மானியர்களான ஃபோல்க்மனும் விர்ச்சோவும், உணர்வில்லாத மூட்டில் திரும்பத் திரும்ப அடிபடுவதுதான் காரணம் என்றார்கள். 1917-இல் லியோ எலோசர் பூனைகளின் உணர்வு நரம்பு வேர்களை வெட்டிப் பார்த்தார். அடிபட்ட மூட்டுகள் சிதைந்தன, அடிக்கட்சி வலுத்தது. ஆனால் அடிபட்டதே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் நோயாளிகளும், படுக்கையில் கிடந்தே மூட்டு சிதைந்தவர்களும் உண்டு. ரத்த ஓட்டக் கட்சிக்கும் ஆதாரம் இருந்தது: தானியங்கி நரம்புகள் கெட்டதும் சிறு குழாய்கள் திறந்துகொண்டு ரத்தம் எலும்புக்குள் வெள்ளமாய்ப் பாய்கிறது.

2005-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஜெஃப்கோட்டும் உடன் ஆய்ந்தவர்களும் இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தார்கள். சிறு அடி ஒன்று அழற்சியைத் தூண்டுகிறது. வலி இருந்தால் மனிதர் காலைத் தூக்கிக்கொள்வார், அழற்சி அடங்கும். வலி இல்லாததால் நடக்கிறார், அழற்சி நீள்கிறது. அழற்சிப் புரதங்கள் ‘ராங்க்-எல்’ என்ற சமிக்ஞையை ஏற்றிவிடுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் கூட்டமாய் இறங்குகின்றன. மெலிந்த எலும்பு அடுத்த அடியில் உடைகிறது. எனக்கு இந்த விளக்கம் ஏறத்தாழ நிறைவு தருகிறது. ஒன்றை மட்டும் அது தீர்க்கவில்லை. நரம்பு கெட்டவர்கள் இத்தனை பேர் இருக்க, ஏன் சிலருக்கு மட்டும்?

அந்தச் சங்கிலியை மருந்தால் அறுக்கலாம் என்ற ஆசை இயல்பானது. எலும்புத் தேய்வுக்குத் தரும் பாமிட்ரோனேட், சொலெட்ரோனேட் ஊசிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ராங்க்-எல்லையே தடுக்கும் டெனோசுமாபையும் முயன்றார்கள். ரத்தத்தில் சில அளவுகள் இறங்கினவே ஒழிய கட்டுக்காலம் தெளிவாகக் குறையவில்லை. சர்க்கரைப் பாதத்துக்கான பன்னாட்டுக் குழு 2023-இல் ஷார்கோ பாதத்துக்கென்று முதன்முறையாகத் தனி வழிகாட்டி வெளியிட்டபோது இவற்றைப் போட வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அது முன்னால் நிறுத்துவது முழங்கால் வரையிலான, நோயாளியால் கழற்ற முடியாத கட்டைத்தான். கழற்ற முடியாதது என்பது முக்கியம். வலிக்காத காலில் கழற்றக்கூடியதைப் போட்டால் வீட்டுக்கு வந்ததும் கழன்றுவிடும். இதற்கு நோயாளியைத் திட்டிப் பயனில்லை.

கட்டுப் போடுபவர் பழகியவராக இருக்க வேண்டும். வீக்கம் வேகமாக வடிவதால் முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்ற வேண்டும், பிறகு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தளர்ந்த கட்டுக்குள் கால் உராய்ந்தால் புண்தான் மிஞ்சும். சித்திரை வெயிலில் வியர்வை வேறு. இரு பாதங்களின் சூடும் ஏறத்தாழ ஒன்றாகி, எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியது தெரியும் வரை இது நீளும். மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஓர் ஆண்டு. பிடித்துவிட்டால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. விட்டுவிட்டால் நடுப்பாத எலும்புகள் கீழே இறங்கி, உள்ளங்கால் படகின் அடிப்பாகம்போல் புடைத்து, புடைத்த இடத்தில் புண், புண் வழியே எலும்பில் சலம் என்று போகும். அந்தக் கட்டத்தில் எலும்பைச் செதுக்குவது, குதிகால் நாணை நீட்டுவது, திருகும் தகடும் வைத்து இணைப்பது எல்லாம் பெரிய மருத்துவமனை வேலை. சிலருக்குக் கால் போகிறது.

ஆக, கண்டுபிடிக்கத் தேவை கை. ஆற்றத் தேவை மாவும் ஓய்வும். இவற்றில் மலிவில்லாதது ஓய்வு ஒன்றுதான்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம். பல ஷார்கோ பாதங்கள் 91 நாளில் கட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நீண்ட நோய்களுக்கான விரிவாக்க உதவி என்று ஒன்று உண்டு: கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். 34 நோய்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தொழுநோயும் இருக்கிறது, பாதம் கெட்ட சர்க்கரை நோயும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. ஆனால் அதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறுவதும் வேலை விட்டு விட்டுக் கிடைப்பதுமாக இருக்கும் ஆளுக்கு அந்தத் தொடர்ச்சியைக் காட்டுவதே ஒரு போராட்டம். சீட்டில் ‘செல்லுலைட்டிஸ்’ என்று எழுதியிருந்தால் அதுவும் போச்சு. சரியான பெயர் எழுதப்படாத நோய்க்கு உதவித்தொகை ஏது?

மாந்தோப்புக் கூலிக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்த 91 நாளும் கிடையாது. வீட்டுப் பெண்களிடம் ‘மூணு மாசம் காலை ஊன்றாதீங்கம்மா’ என்றால், தண்ணீர் பிடிப்பதும் மாட்டுக்குத் தீவனம் போடுவதும் நடையில் சேர்த்தியா என்றுதான் கேட்பார்கள். ஓய்வு என்று எழுதித் தருகிறவர், அந்த மூன்று மாதம் தண்ணீர் யார் பிடிப்பது என்பதையும் வீட்டாரை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். கையில்லாத நாற்காலி, இந்தியன் கழிப்பறை, வாசற்படி என்று ஒவ்வொன்றும் கட்டுக்காலுக்குத் தடை. வாக்கர் ஒன்றும், கழிப்பறையில் வைக்க ஒரு ஸ்டூலும் மருந்துச் சீட்டில் இடம்பெற வேண்டியவை.

கண்டுபிடிக்கும் வழி மாவட்டத்தில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. திருச்சியில் முன்னோட்டமாகத் தொடங்கி விரிந்த ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் புண்ணையும் உணர்விழப்பையும் தேடுகிறது. பத்து கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது அதன் அடிப்படை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட வேலை ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மாத்திரை கொடுக்க வருபவர் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘செருப்பு கழன்றது தெரியாம நடந்திருக்கீங்களா?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆம் என்ற விடையும் ஒரு காலில் சூடும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சூட்டை எண்ணாகப் பார்க்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. கொரோனா காலத்தில் கம்பெனி கேட்டுகளில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானிகள் எத்தனையோ மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. நெற்றிக்கென அளவு திருத்தியவை பாதத்தின் 30 பாகையைக் காட்டாமல் ‘லோ’ என்று நிற்கலாம். பொருள்களின் பரப்பு வெப்பத்தை அளக்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஷூவைக் கழற்றிக் கால் கொஞ்சம் ஆறிய பிறகு, இரு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து வேறுபாட்டை எழுதி வைத்தால் போதும். கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் ஒருவரால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை இதைச் செய்ய முடியும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மத்தூரிலிருந்து எட்டும் தூரம். அதற்கு முன் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருந்தது. மாவட்டத்திலேயே வாரத்தில் ஒரு நாள் பாதக் கட்டுக்கென்று ஒதுக்கி, கட்டுப் பழகிய ஒருவரை வைத்தால் போதும், மாற்றுக்கட்டுக்காகக் காரை வாடகைக்கு எடுக்கும் செலவு பலருக்கு மிச்சமாகும். தேவையானால் பயிற்சிக்கு வேலூரும் கரிகிரியும் இருக்கின்றன; சென்னை ராயபுரத்தில் 1954-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனையும் சர்க்கரைப் பாதத்தில் நெடுங்கால அனுபவம் உள்ளது.

கட்டுக்காலத்தில் எல்லோரும் மறப்பது மறு காலை. ஒரு காலுக்கு ஓய்வு என்றால் உடலின் பாரம் முழுவதும் மற்றதன் மேல் இறங்குகிறது, அந்த நரம்பும் அதே அளவு கெட்டதுதான். நோயாளிகளில் குறைந்தது பத்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் வரை, இரண்டாவது பாதமும் இதே வழியில் போயிருக்கிறது. அதனால் கட்டு மாற்ற வரும் ஒவ்வொரு முறையும் நல்ல காலின் செருப்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும், முந்தைய வாரத்து அளவோடு ஒப்பிட வேண்டும். அங்கே சூடு ஏறியிருந்தால் 91 நாள் கணக்கில் மீதி எவ்வளவு என்பதை அன்றே இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.